போட் மெயில் மர்ம விருந்து: வாடகை வீட்டு ஹாலை ரயில் பெட்டியாக்க யோசனை வேண்டும்

மாடிவீட்டு மல்லி:
எல்லோருக்கும் வணக்கம். தங்கை பிறந்தநாளுக்கு வீட்டிலேயே ஒரு துப்பறியும் விருந்து வைக்கிறேன். தடயங்களைப் பார்த்து விருந்தாளிகளே திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். கதை 1935இல் நடக்கிறது. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், அங்கே இலங்கைக் கப்பலுக்குப் பயணிகளைச் சேர்க்கும் போட் மெயில் ரயிலில், கொழும்புக்குக் கிளம்பிய வியாபாரியின் முத்து மாலை காணாமல் போகிறது. குழந்தைகளும் வருவதால் கொலை வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஹால் நீளமாக, குறுகலாக இருக்கிறது, அது வசதிதான். ஆனால் வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாது. டியூப்லைட்டைப் போட்டால் ஹால் ஹாலாகவேதான் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பச்சைக்கொடி:
மல்லிம்மா, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போட் மெயில் என்றதும் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஜன்னல். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கிடைத்தால் அதில் ஜன்னல் சட்டம் வெட்டி, பழுப்பு பெயிண்ட் அடித்து, உங்கள் வீட்டு கர்ட்டன் கம்பியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். ஆணியே தேவையில்லை. சட்டத்தின் மேல்பாதியில் அட்டைப் பட்டைகளைச் சாய்வாக ஒட்டினால் மர ஷட்டர். பின்னால் நீலச் சேலை ஒன்றைக் கட்டி, கீழே ஒரு சின்ன டேபிள் ஃபேன் வையுங்கள். சேலை லேசாக அலைய வேண்டும், பறக்கக் கூடாது. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தில் போகும்போது ஜன்னலில் தரையே தெரியாது, கீழே தண்ணீர் மட்டும்தான். அதனால் மரம், மலை எதையும் வரையாதீர்கள்.

சோபாவையும் திவானையும் எதிரெதிரே போடுங்கள். நடுவில் டிரங்குப் பெட்டி, சுருட்டிக் கட்டிய ஹோல்டால் (படுக்கைப் பை), பித்தளைக் கூஜா. பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று கண்ணில் பட்டாலும் 1935 கலைந்துவிடும்.

டிக்கெட்டைத் தடித்த அட்டையில் செய்யுங்கள்: 57 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். கட்டணத்தை ரூபாய், அணா, பை என்ற கணக்கில் எழுதுங்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. நூறு பைசாக் கணக்கு 1957இல்தான் வந்தது. வாசலில் யாராவது கருப்புக் கோட்டில் நின்று டிக்கெட்டைத் துளை போட்டு உள்ளே விடட்டும். அந்தச் சத்தத்திலேயே ஆட்டம் தொடங்கிவிடும்.

அப்புறம் ஒன்று. கதையை 1964க்கு நகர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது, பயணிகளோடு ஒரு ரயிலும் போனது. அது விளையாட்டுக்கு ஆகாது.

காபித்தூள்:
ஐயா சொன்னது அருமை. என் பங்குக்கு வெளிச்சம். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, மஞ்சள் எல்இடி பல்புகளை உயரத்தில் இல்லாமல் தோளளவில் வையுங்கள். கடையில் 2700 கெல்வின் என்று கேட்டால் தருவார்கள். நிழல் ஜன்னல் பக்கம் விழும். மெழுகுவர்த்தி வேண்டாம், அட்டையும் சேலையும் இருக்கிற அறை.

ஆனால் தடயம் வைக்கிற மேசைக்கு மட்டும் நல்ல வெளிச்சம் கட்டாயம். பெரியவர்கள் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் அவர்களுக்கு விருந்து அங்கேயே முடிந்தது.

கடிதம், தந்தி எல்லாவற்றையும் சாதாரணத் தாளில் எழுதி, பால் கலக்காத டீ டிகாஷனில் ஒரு நிமிடம் நனைத்து எடுங்கள். துணிக்கொடியில் போட்டுக் காய்ந்ததும், மேலே ஒரு துணி விரித்து இஸ்திரி போடுங்கள். எழுத்துக்குப் பால்பாயிண்ட் பேனா. ஜெல் பேனா டீயில் கரைந்து ஓடும்.

மாடிவீட்டு மல்லி:
பச்சைக்கொடி ஐயா, ரொம்ப நன்றி. அம்மாவின் பழைய கூஜா பரணில் இருக்கிறது, இறக்கிவிடுகிறேன். ஒரே சந்தேகம்: இவ்வளவு சாமான் வைத்தால் எது தடயம், எது அலங்காரம் என்று குழப்பம் வராதா?

கதவிடுக்கு:
வரும் அக்கா. நான் போன ஒரு விருந்தில் சுவரில் நின்றுபோன கடிகாரம் ஒன்று இருந்தது. எல்லோரும் அதன் நேரத்தை வைத்தே அரை மணி நேரம் வாதாடினோம். அது வெறும் அலங்காரம். அறையில் இருப்பதையெல்லாம் விருந்தாளிகள் நம்புவார்கள். அதனால் எதிலாவது எழுத்தோ எண்ணோ இருந்தால் அது கதைக்கு உதவ வேண்டும். இல்லாவிட்டால் வெறுமையாக விடுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. அந்தக் காலத்து ரயில் பெட்டிகள் பலவற்றில் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு உள்வழி கிடையாது. நிலையத்தில் இறங்கித்தான் மாற வேண்டும். எழும்பூர், விழுப்புரம், திருச்சி, மானாமதுரை, மண்டபம், தனுஷ்கோடி என்று ஒரு நேரப்பலகை எழுதி ஷூ ரேக் மேல் சாய்த்து வையுங்கள். நேரங்களைக் கதைக்கு ஏற்ப நீங்களே போடலாம். பார்க்க அலங்காரம், மாலையை எடுத்தவர் எங்கே அறை மாறினார் என்பதற்கான விடையும் அதிலேயே இருக்கும்.

பச்சைக்கொடி:
தம்பி சொல்வது சரி. திருச்சியில் நிறுத்தத்தைக் கொஞ்சம் அதிகமாகப் போடுங்கள், மல்லிம்மா. சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க இறங்கினேன் என்று எல்லோராலும் சொல்ல முடியும்.