டப்பாவில் வைத்த பழைய மடக்குக் கத்திகள் மட்டும் திரும்பத் திரும்பத் துருப் பிடிக்கின்றன, காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புதுவைக் கத்தி:

வணக்கம். நான் புதுச்சேரி. நாலு வருடமாகப் பழைய மடக்குக் கத்திகள் சேர்த்து வருகிறேன். புதிதாக ஒன்றுகூட வாங்கியதில்லை, எல்லாம் செகண்ட் ஹேண்ட்தான். முக்கால்வாசி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கிடைத்தவை. இங்கே பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்களின் குடும்பங்கள் நிறைய. தாத்தா காலமான பிறகு வீட்டை ஒழிக்கும்போது சாவிக்கொத்து, பாட்டில் திறப்பான், ஓடாத கைக்கடிகாரம் இவற்றோடு ஒரு ஒப்பினெல் கத்தியும் (மரப்பிடி போட்ட பிரெஞ்சு மடக்குக் கத்தி) சாக்கு விரிப்புக்கு வந்துவிடும். அப்படித்தான் என் முதல் கத்தி கிடைத்தது, பிடியில் யாரோ ஊசியால் கீறிய இரண்டு எழுத்துகளோடு.

இப்போது மொத்தம் 13 கத்திகள். 2 மேஜை மேல் பேனா ஸ்டாண்டில் நிற்கின்றன, மீதி 11 பெரிய பிஸ்கட் டப்பாவில், உள்ளே வெல்வெட் துணி விரித்து வைத்திருக்கிறேன். பிரச்சினை இந்த டப்பாவில்தான். மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை. இந்த ஆனி மாதம் திறந்து பார்த்தால் ஐந்து கத்திகளில் செந்துரு. பித்தளைத் தகடு வைத்த கத்திகளில் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. எல்லாவற்றையும் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, டப்பாவை வெயிலில் காயவைத்துத் திரும்ப அடுக்கினேன். மூன்றே வாரத்தில் மறுபடியும் அதே கதை. துடைத்த இடத்திலேயே துரு.

டப்பாவில் இருப்பவை: ஒப்பினெல் 3 (ஒன்றில், திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு வளையம் இல்லை), தேனீச் சின்னம் வைத்த பிரெஞ்சு லாகியோல் 1, அலுமினியப் பிடி போட்ட சுவிஸ் ராணுவக் கத்தி 1, குன்னூரில் பழைய எஸ்டேட் பங்களா சாமான் விற்றவரிடம் வாங்கிய இங்கிலாந்துக் கம்பெனி ஜோசப் ரோட்ஜர்ஸ் கத்தி 1, நம்மூர்ப் பேனாக்கத்திகள் 4. கடைசியாக வந்தது பங்குனியில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய, சோலிங்கன் (கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊர்) முத்திரை போட்ட இரண்டு அலகுக் கத்தி. 900 ரூபாய், நான் இதுவரை கொடுத்ததில் இதுதான் அதிக விலை. பிடி ஆமை ஓடு மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும், ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் கருப்பட்டிப் பாகு போல வெளிச்சம் உள்ளே இறங்கும். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

துருவுக்கு என்ன காரணம், என்ன செய்வது? அப்புறம் வளையம் இல்லாத ஒப்பினெல் எவ்வளவு பழையது, ரோட்ஜர்ஸ் அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது, இதுவும் தெரிந்தால் சொல்லுங்கள்.

நாகை அலை:

உப்புக்காற்றுதான் நண்பரே, வேறொன்றும் இல்லை. எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியே ஆறு மாதம் தாங்காது. சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு டப்பாவை டேப் ஒட்டி மூடி வையுங்கள்.

தையல் மெஷின்:

தேங்காய் எண்ணெயை முதலில் நிறுத்துங்கள். நாள்பட்டால் சிக்கு வாடை வரும், இணைப்பில் பிசுபிசுவென்று ஒட்டி தூசியைப் பிடித்துக்கொள்ளும், அலகு திறப்பதே கஷ்டமாகிவிடும். நல்லெண்ணெயும் அப்படித்தான். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், துணியில் நனைத்து அலகு முழுக்கப் பூசிவிட்டு, இன்னொரு துணியால் துடைத்துவிடுங்கள். காய்கறி, பழம் வெட்டும் கத்தியாக இருந்தால் மட்டும் சமையல் எண்ணெய், அதுவும் அன்றன்றைக்குக் கழுவித் துடைப்பதாக இருந்தால்.

புதுவைக் கத்தி:

இருவருக்கும் நன்றி. எண்ணெயை இன்றே மாற்றிவிடுகிறேன். ஆனால் உப்புக்காற்று என்றால் பேனா ஸ்டாண்டில் திறந்தபடி நிற்கும் இரண்டு கத்திகளுக்குத்தானே முதலில் துரு வரவேண்டும்? அதில் ஒன்று சுத்தக் கார்பன் எஃகு, அதற்கும் தேங்காய் எண்ணெய்தான் போடுகிறேன். சாம்பல் நீலம் பூத்திருக்கிறதே தவிர ஒரு புள்ளி செந்துரு கிடையாது. மூடி வைத்தவைதான் கெடுகின்றன. டப்பாவிலும் எல்லாம் ஒரே அளவில் இல்லை, வலது மூலையில் இருப்பவை ரொம்ப மோசம்.

சாணைக்கல்:

தம்பி, வலது மூலையில் எந்தக் கத்தி இருக்கிறது? அந்தச் சோலிங்கன் கத்தியா? எழுந்து போய் டப்பாவைத் திற, மூடி திறந்த உடனே முகர்ந்து பார். கற்பூர வாசனை வருகிறதா சொல்.

நான் கோயம்புத்தூரில் 30 வருடம் பட்டறையில் இருந்தவன், இப்போது பழைய கத்தி, ரேஸர் இவற்றைச் சீர்செய்து கொடுக்கிறேன். ஆமை ஓடு மாதிரி, முத்துச்சிப்பி மாதிரி, தந்தம் மாதிரித் தெரியும் பழைய பிடிகளில் பெரும்பாலானவை செல்லுலாய்டு. பஞ்சை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துச் செய்த பொருளில் கற்பூரம் கலந்து பதப்படுத்தியது. பழைய சினிமா ரீல் இதே வகைதான், முன்பு வந்த டேபிள் டென்னிஸ் பந்தும் இதுதான். பல பத்து வருடம் நன்றாக இருக்கும். அப்புறம் ஏதோ ஒரு கட்டத்தில் உள்ளிருக்கும் கற்பூரம் ஆவியாகிக் கொண்டே வரும், பிடியிலிருந்து அமிலப் புகை கசியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூடிய டப்பாவுக்குள் அந்தப் புகை போக இடமில்லாமல் பக்கத்தில் இருக்கும் இரும்பையும் பித்தளையையும் தின்னும். துடைத்து எண்ணெய் போட்டு அதே டப்பாவில் அதே கத்தியோடு திரும்ப வைத்தால் மூன்று வாரத்தில் மறுபடி துரு வரத்தான் செய்யும்.

அந்தக் கத்தியை மடக்கி வைத்த நிலையில் பார். அலகில் துரு பிடிக்குள் ஒளிந்திருக்கும் பாகத்தில் அதிகமாகவும் வெளியே நீட்டியிருக்கும் முதுகில் குறைவாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பிடியில் ரிவிட்டைச் சுற்றி முடி போல விரிசல் இருக்கிறதா என்றும் பார்.

இரண்டு எச்சரிக்கை. ஊசியைச் சூடாக்கிப் பிடியில் குத்திப் பார் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். கட்டைவிரலால் அரை நிமிடம் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் போதும். அடுத்தது, நாகை நண்பர் சொன்னபடி டேப் ஒட்டி மூடுவது மற்ற கத்திகளுக்குச் சரிதான், ஆனால் இந்தக் கத்தி உள்ளே இருக்கும்போது அதைச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

புதுவைக் கத்தி:

ஐயா, கற்பூர வாசனை வருகிறது. இத்தனை நாளும் வந்துகொண்டுதான் இருந்தது. டப்பா இருப்பது பூஜை அலமாரிக்கு மேல்தட்டு, அம்மா வைத்திருக்கும் கற்பூரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது டப்பாவைக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு கத்தியாக எடுத்து முகர்ந்தேன். சோலிங்கன்தான். தேய்த்ததும் கற்பூரத்தோடு மூக்கில் ஏறும் ஒரு காரமும் சேர்ந்து வருகிறது.

நீங்கள் சொன்னபடியே அலகைப் பார்த்தேன். மடக்கினால் உள்ளே போகும் கூர்ப்பக்கம் முழுக்கக் குழி குழியாகத் துரு, நகக்குழி இருக்கும் மேல்விளிம்பு ஓரளவு சுத்தம். இரண்டாவது ரிவிட் பக்கத்தில் ஒரு விரிசல், வாங்கும்போது அதைப் பிடியின் கோலம் என்று நினைத்திருந்தேன். சோலிங்கனுக்கு ஒட்டினாற்போல வைத்திருந்தது ரோட்ஜர்ஸ், அதற்குத்தான் அடி அதிகம். சுவிஸ் கத்திக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

இனி என்ன செய்யட்டும்? அதைக் காப்பாற்ற வழி உண்டா?

சாணைக்கல்:

முதலில் அதைத் தனியாகப் பிரி. பேப்பர், துணி, பிளாஸ்டிக் கவர் எதிலும் சுற்றாதே. காற்று வரும், வெயில் படாத, அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் தூரமான இடத்தில் ஒரு பீங்கான் தட்டில் வை. வெல்வெட் துணியைத் தூக்கிப் போடு, அது புகையைக் குடித்து வைத்திருக்கும். டப்பாவைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நாலு நாள் திறந்தே காயவை.

மற்ற கத்திகளுக்கு: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து உலோகப் பாகத்தை மட்டும் துடை. பிறகு வெறும் தண்ணீர்த் துணி, பிறகு உலர்ந்த துணி, பிறகு தையல் மெஷின் எண்ணெய். ஒப்பினெல் பிடி மரம், தண்ணீரில் முக்கினால் ஊதிக்கொண்டு அலகு திறக்க வராது, ஜாக்கிரதை. செந்துருவை எண்ணெய் போட்டு ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தே எடு. உப்புத்தாள் வேண்டாம், அலகின் அடியில் இருக்கும் முத்திரை முதல் தேய்ப்பிலேயே போய்விடும். முத்திரை போனால் அது யார் செய்த கத்தி என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சாது. சாம்பல் நீலப் பூச்சையும் எடுக்காதே, அது துரு இல்லை, எஃகுக்கு அது ஒரு போர்வை.

சோலிங்கன் பிடி கெடுவதை நிறுத்த வழி கிடையாது, காற்றோட்டத்தில் வைத்தால் தாமதப்படுத்தலாம். ரிவிட்டை எடுத்துப் புதுப் பிடி போடலாம், ஆனால் அது உன் முடிவு.

சுங்கை ரோடு:

தம்பி, நான் சிங்கப்பூர். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடும்வரை வாரம் தவறாமல் போனவள். உங்கள் மற்ற இரண்டு கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஒப்பினெல்லில் பூட்டு வளையம் 1955இல்தான் வந்தது. அதற்கு முன் செய்தவற்றில் இருக்காது. ஆனால் வளையம் இல்லாததெல்லாம் பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அலகில் ஒரு எண் இருக்கும். 2 முதல் 5 வரையுள்ள சின்னக் கத்திகளுக்கு இன்றும் வளையம் கிடையாது. 6 அல்லது அதற்கு மேல் எண் இருந்து வளையம் இல்லை என்றால், 1955க்கு முந்தியதாக இருக்கலாம், அல்லது யாரோ கழற்றித் தொலைத்திருக்கலாம். நேர்மாறாக, வளையம் கத்தியை மடக்கிய நிலையிலும் பூட்டுகிறது என்றால் அது 2000க்குப் பிந்தியது. மகுடம் வைத்த கைச் சின்னம் 1909 முதலே உண்டு, அதை வைத்து மட்டும் காலம் சொல்ல முடியாது.

ரோட்ஜர்ஸ் இங்கிலாந்தின் கத்தி ஊரான ஷெஃபீல்டில் பெரிய பெயர், அதனால் அந்தக் காலத்திலேயே போலிகள் ஏராளம். நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் அருகருகே இருக்க வேண்டும், பெயரில் ஆங்கில ‘டி’ எழுத்து இருக்க வேண்டும். கிரீடத்தின் இருபுறமும் ராஜா ராணியின் முதல் எழுத்து இருந்தால் காலம் பிடிக்கலாம், ‘வி ஆர்’ என்றால் விக்டோரியா, 1901 வரை. ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிறகு, அமெரிக்கா இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கேட்டது அப்போதுதான். லாகியோல் என்பது ஒரு வகையின் பெயர், ஒரே கம்பெனி இல்லை, யார் வேண்டுமானாலும் தேனீ வைத்துச் செய்கிறார்கள். தேனீயை விட்டுவிட்டு அலகில் செய்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. ரோட்ஜர்ஸ் பிடி என்ன பொருள்? மான் கொம்பு, தந்தம் என்றால் நம்மூரில் வாங்குவதும் விற்பதும் வம்பு.

சாணைக்கல்:

அக்கா சொல்வது முக்கியம். ஷெஃபீல்டுக்காரர்கள் பிடிக்குப் போட்ட மான் கொம்பில் நிறைய நம் நாட்டிலிருந்து போன கடமான் கொம்புதான். இப்போது 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பழைய கத்திதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அசல் ஆமை ஓடும் அப்படித்தான். சந்தேகமான பிடி என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடு. மாட்டு எலும்பு என்றால் பயமில்லை, உற்றுப் பார்த்தால் நுண்ணிய கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும்.

புதுவைக் கத்தி:

அக்கா, ரோட்ஜர்ஸ் பிடியில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன, மாட்டு எலும்புதான். நட்சத்திரம், சிலுவை, ‘டி’ எழுத்து மூன்றும் இருக்கின்றன. கிரீடத்தின் பக்கத்து எழுத்து துருவில் பாதி போய்விட்டது, ‘ஜி’ மாதிரி தெரிகிறது. ஒப்பினெல்லின் எண் 8, வளையம் உட்கார்ந்த இடத்தில் மட்டும் பளபளப்பாக ஒரு பட்டை இருக்கிறது, அதனால் தொலைந்துபோன வளையம் என்றுதான் நினைக்கிறேன்.

புதுவைக் கத்தி (இரண்டு மாதம் கழித்து):

எல்லாருக்கும் தகவல் சொல்லவேண்டும். ஆப்பசோடா, எண்ணெய் எல்லாம் சொன்னபடி செய்தேன். வெல்வெட் போய்விட்டது, இப்போது டப்பாவில் வெறும் பருத்தித் துணியும் சிலிக்கா ஜெல்லும். ஒவ்வொரு ஞாயிறும் திறந்து பார்க்கிறேன். ஒன்பது வாரம் ஆகிறது, மழை நாளும் நடுவில் வந்துபோனது, ஒரு கத்தியிலும் புதுத் துரு இல்லை. களிம்பும் திரும்பவில்லை. ரோட்ஜர்ஸ் அலகில் விழுந்த குழிகள் அப்படியே இருக்கின்றன, அவற்றைத் தேய்த்து எடுக்கப் போவதில்லை.

சோலிங்கன் பால்கனிப் பக்கம் நிழலில் பீங்கான் தட்டில் தனியாக இருக்கிறது. விரிசல் இப்போது மூன்று. போன வாரம் ரிவிட் ஓரத்தில் தேன் சொட்டு மாதிரி பிசுபிசுப்பாக ஒன்று கசிந்திருந்தது. சாணைக்கல் ஐயாவிடம் தனியாகப் பேசினேன், தை மாதம் கோயம்புத்தூர் கொண்டுபோய்ப் பிடியை எடுத்துவிட்டு வேறு போடுவதாக இருக்கிறேன். அந்தக் கருப்பட்டி நிறத்தை நல்ல வெளிச்சத்தில் பத்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இன்று காலை சந்தையில் முத்துச்சிப்பி மாதிரிப் பிடி போட்ட ஒரு குட்டிக் கத்தி, விரித்திருந்தவர் 300 ரூபாய் சொன்னார். கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்தேன், அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கற்பூரம். பக்கத்திலிருந்த பூட்டுச்சாவிகளிலும் களிம்பு ஏறியிருந்தது. அவரிடமும் விஷயத்தைச் சொல்லி, இதை மற்றவற்றோடு ஒரே பையில் போட்டு வைக்காதீர்கள் என்றேன். அவர் அதைத் தனியாக எடுத்து விரிப்பின் ஓரத்தில் வைத்தார். அப்புறம் பையின் அடியில் கிடந்த ஒரு ஒப்பினெல்லை எடுத்துக் காட்டினார், எண் 5, வளையம் இல்லாதது, மரப்பிடி. 200 ரூபாய்க்கு வாங்கி வந்திருக்கிறேன். முத்திரையின் படத்தை மாலைக்குள் போடுகிறேன், அக்கா பார்த்துச் சொல்லுங்கள்.