ஃபாயிலுக்குத் தமிழில் ‘செட்டை’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பலகைக்கோ படகுக்கோ அடியில் மாட்டி, ஓடும்போது அதை நீருக்கு மேலே தூக்கும் கருவி ஃபாயில். அதற்கு நம் குழுவில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: நீர்ப்படலம், நீரிதழ், நீர்ச்சிறகு. மூன்றையும் இரண்டு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பாய்ப்பலகை (விண்ட்சர்ஃப்) நன்றாக ஓட்டும் நண்பர் ஒருவர் ஃபாயிலுக்கு மாற விரும்பி, என்ன வாங்குவது என்று கேட்டிருந்தார். அவருக்கு முழுவதும் தமிழிலேயே விளக்குவது என்று முடிவு செய்து உட்கார்ந்தேன். அன்று பேசிய இரண்டு மணி நேரந்தான் இந்த மடலுக்கு அடிப்படை. அகராதிப் பட்டியலில் அழகாகத் தெரியும் சொல் வேறு. கரையில் நின்று ‘இதைக் கழற்று, அதை மாட்டு’ என்னும்போது கைகொடுக்கும் சொல் வேறு.

நீர்ப்படலத்தை முதலில் விலக்கிவிடலாம். படலம் என்றால் ஒரு பொருளின் மேல் படிந்திருக்கும் மெல்லிய பரப்பு. கண்ணில் படலம், எண்ணெய்ப் படலம் என்கிறோம். நீர்ப்படலம் என்று கேட்கும் எவருக்கும் கண்ணாடியில் படிந்த ஈரந்தான் நினைவுக்கு வரும். உணவு பொதியும் அலுமினியத் தாளுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் இருப்பதால் வந்த குழப்பம் இது. இரண்டுக்கும் மூலம் ஒன்று: இலை என்று பொருள்படும் ஃபோலியும் என்ற இலத்தீன் சொல். நீரிதழை முன்மொழிந்த ஐயா இந்த வேரைப் பிடித்துத்தான் போயிருக்கிறார். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இதழ் வளையும், துவளும். இங்கே பேசப்படும் பொருள் வளைந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். மேலும், அது என்ன வேலை செய்கிறது என்பதை இதழ் என்ற சொல் சொல்வதில்லை.

என்ன வேலை செய்கிறது? பலகைக்கு அடியில் செங்குத்தாக ஒரு கால். அதன் நுனியில் கிடைமட்டமாக ஒரு தண்டு. தண்டின் முன்னே அகன்ற ஒரு பரப்பு, பின்னே சிறிய ஒரு பரப்பு. வேகம் கூடும்போது முன்பரப்பின் மேல்பக்கத்தில் அழுத்தம் குறைந்து, கீழ்ப்பக்கத்தில் கூடி, பலகையும் ஆளும் நீருக்கு மேலே தூக்கப்படுகிறார்கள். பறவையின் இறக்கையும் விமானத்தின் இறக்கையும் செய்யும் அதே வேலை. நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் இரண்டு கைகளுக்குள் அடங்கும் ஒரு பரப்பு வளர்ந்த ஆளைச் சுமக்கிறது. ஆளும் கருவியும் சேர்ந்து 95 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பரப்பு 2000 சதுர சென்டிமீட்டர் இருந்தால், நான் போட்ட தோராயக் கணக்கில் மணிக்கு 14 கிலோமீட்டரிலேயே எழும்பிவிடும். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடிய பாய்ப்பலகை வகைக்கு முன்பரப்பு 900 சதுர சென்டிமீட்டர். அதே எடையைத் தூக்க அதற்கு 21 கிலோமீட்டர் வேகம் வேண்டும். தூக்குவிசை பரப்புக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்திலும் வளர்வதால் வரும் வேறுபாடு இது. தொடக்கக்காரருக்குப் பெரிய பரப்பை வாங்கச் சொல்வதற்குக் காரணமும் இதுவே.

ஆகவே பொருளளவில் நீர்ச்சிறகு மிகச் சரி. அதை முன்மொழிந்த அம்மையாரின் பக்கம்தான் நானும் முதலில் இருந்தேன். நண்பரோடு பேசும்போதுதான் இடறியது. இப்போது பரவிவரும் விங்ஃபாயிலில், காற்று அடைத்த ஒரு சிறகை ஓட்டுபவர் கையில் பிடித்திருக்கிறார். கீழே நீருக்குள்ளும் சிறகு. ‘பெரிய சிறகாக மாற்றிக்கொள்’ என்றால் எதை மாற்றுவது? கைச்சிறகைப் பெரிதாக்கினால் காற்றின் இழுப்பு கூடும். கீழே உள்ளதைப் பெரிதாக்கினால் குறைந்த வேகத்திலேயே எழும்பும். முற்றிலும் வேறான இரண்டு விளைவுகள். ஏற்கெனவே காற்று மிகுந்த நாளில் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிச் செய்தவர் தண்ணீரில் தூக்கி எறியப்படுவார்.

என் முன்மொழிவு: செட்டை.

பறவையின் இறக்கைக்கும் செட்டை என்று பெயர். மீனின் துடுப்புக்கும் செட்டை என்று பெயர். செட்டையடித்துப் பறந்தது என்கிறோம். மீனைக் கழுவும்போது செட்டையை வெட்டிவிடு என்கிறோம். பழைய விவிலியத் தமிழிலும் இறக்கை என்ற பொருளில் இந்தச் சொல் வருகிறது. காற்றில் பறப்பதன் உறுப்பையும் நீரில் நீந்துவதன் உறுப்பையும் ஒரே சொல்லால் குறித்தவர்கள் நம் முன்னோர். நீருக்குள் இருந்துகொண்டு பறக்க வைக்கும் ஒரு பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு எந்த மொழியில் கிடைக்கும் என்று தெரியவில்லை. புதிதாக எதையும் வார்க்கவே வேண்டியதில்லை. கிடந்த சொல்லை எடுத்துத் துடைத்து வைத்தால் போதும்.

வரையறையை இப்படி வைக்கிறேன்: காற்றில் வேலை செய்வது சிறகு, நீரில் வேலை செய்வது செட்டை. இந்த ஒரு கோட்டைப் போட்டுவிட்டால் மற்றவை தாமே ஒழுங்காக அமைந்துவிடுகின்றன. பாய்ப்பலகையோடு சேர்ந்தது பாய்ச்செட்டை, கைச்சிறகோடு சேர்ந்தது சிறகுச்செட்டை, பட்டத்தோடு சேர்ந்தது பட்டச்செட்டை. இதற்கென்று செய்த பலகை செட்டைப்பலகை. படகுக்கும் பொருந்துகிறது. இந்தக் கருவி பாய்ப்பலகையைவிட மூத்தது: என்ரிக்கோ ஃபொர்லானினி 1906இல் இத்தாலியின் மாஜோரே ஏரியில் ஏணிப்படி போல அடுக்கிய செட்டைகளோடு படகை எழுப்பிக் காட்டினார், தொலைபேசியின் கிரகாம் பெல் குழுவினரின் படகு 1919இல் மணிக்கு சுமார் 114 கிலோமீட்டரில் ஓடியது. பாய்ப்பலகைக்கு ஷ்வைட்சரும் டிரேக்கும் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததே 1968இல்தான். விளையாட்டுக்கு மட்டும் பொருந்தும் சொல்லாக இருந்தால் இந்த வரலாற்றை எழுதும்போது வேறு சொல் தேட வேண்டிவரும்.

உறுப்புகளுக்கு வருகிறேன். நண்பரிடம் பேசும்போது அதிகம் தடுமாறியது மாஸ்ட் என்ற சொல்லால்தான். மேலே பாயைத் தாங்குவதும் மாஸ்ட், கீழே செட்டையைத் தாங்குவதும் மாஸ்ட். ஆங்கிலத்தில் பேசுவோரே ஒவ்வொரு முறையும் எது என்று கேட்டுக்கொள்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை வேண்டாம். மேலே உள்ளது பாய்மரம்; நெடுங்காலம் பழகிய சொல். கீழே உள்ளது செட்டைக்கால். பந்தற்கால், கட்டில்கால் என்று தாங்கி நிற்பதையெல்லாம் கால் என்பவர்கள் நாம்.

செட்டைக்கால் நீளமானால் அலையிலும் சாய்விலும் செட்டை நீருக்குள்ளேயே இருக்கும். குட்டையானால் விழும் உயரம் குறையும். கற்றுக்கொள்பவருக்கு 70 முதல் 85 சென்டிமீட்டர் போதும் என்பது என் கருத்து. ஒலிம்பிக் வகையில் 95. அலுமினியக் கால் கனம், விலை குறைவு. கார்பன் கால் இலேசு, விறைப்பு, விலை கூடுதல். முதல் கருவிக்கு அலுமினியமே போதும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: உப்பு நீரில் ஓட்டிவிட்டு அலுமினியத்தில் எஃகுத் திருகுகளை அப்படியே விட்டுவிட்டால் அலுமினியம் அரித்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்றவே முடியாது. ஒவ்வொரு முறையும் கழற்றி, நன்னீரில் அலசி, திருகுகளுக்கு மசகு தடவ வேண்டும்.

கிடைத்தண்டுக்கு நடுத்தண்டு என்கிறேன். நீளமான நடுத்தண்டு முன்பின் ஆட்டத்தைக் குறைக்கும். புதியவருக்கு அதுதான் வேண்டும். முன்னே முன்செட்டை, பின்னே வால்செட்டை. வால்செட்டையின் சாய்வை மாற்ற இடையில் வைக்கும் மெல்லிய துண்டுக்கு ஆப்பு என்ற தச்சர் சொல் அப்படியே பொருந்துகிறது. அரை பாகை ஆப்பு வைத்தாலே காலடியில் வேறுபாடு தெரியும். முன்செட்டைக்கு நான் நண்பரிடம் சொன்ன அளவு 1500 முதல் 2000 சதுர சென்டிமீட்டர், அதுவும் அதிகம் நீண்டு ஒல்லியாக இல்லாதது. நீண்டு ஒல்லியானவை வழுக்கிக்கொண்டு நெடுந்தூரம் போகும். ஆனால் வேகம் சற்றுக் குறைந்தாலும் கீழே இறங்கிவிடும், மன்னிக்காது.

இனி நண்பர்கள் எழுப்பிய ஐயங்கள்.

> செட்டை என்பதைச் சேட்டை என்று படித்துவிடுவார்களே?

குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் மாறும் சொற்கள் தமிழில் ஆயிரம். பெட்டியையும் பேட்டியையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பழகாத சொல் என்பதால் எழும் ஐயம் இது. நான்கு முறை அச்சில் பார்த்தால் போய்விடும்.

> மீன் செட்டையைப் போலவே பலகையின் பின்னால் ஒன்று பழைய பாய்ப்பலகைகளில் இருக்கிறதே, அதற்கு என்ன பெயர்? சுக்கான் என்றால் ஆகாதா?

இந்தக் கேள்விதான் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது, கேட்டவருக்கு நன்றி. சுக்கான் ஆகாது. சுக்கான் திரும்பும், திசை மாற்றும். பலகைக்கு அடியில் இருப்பது திரும்பாது. பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. பாடநூல்கள் மீனின் உறுப்பைத் துடுப்பு என்கின்றன. ஆனால் வலிக்கும் துடுப்பும் துடுப்புதான். நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகைகளில் அடியில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டுமே இருக்கும். ஆகவே அடியில் இருப்பதை நிலைத்துடுப்பு என்றும் கையில் இருப்பதைத் துடுப்பு என்றும் வைக்கலாம். இதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் நிலைத்துடுப்பை விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன். செட்டையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த இரண்டையும் பெயரால் பிரித்து வைப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. நிலைத்துடுப்பு மாட்டும் பொருத்துவாயில் செட்டையை மாட்டலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். செட்டைக்கால் நெம்புகோல் போல அந்த வாயைப் பிளக்கும். செட்டைக்கென்று வலுவூட்டாத பழைய பலகையில் மாட்டினால் அடிப்பகுதி விரிசல் விட்டு நீர் உள்ளே போகும். வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பலகையின் பொருத்துவாய் செட்டைக்கென வலுவூட்டப்பட்டதா என்பது. இரண்டாவது, செட்டைக்காலின் தலை அந்த வாய்க்குச் சேருமா என்பது. ஆழமான ஒற்றை வாயும் உண்டு, 90 மில்லிமீட்டர் இடைவெளியில் இணையாக ஓடும் இரட்டைத் தடமும் உண்டு. ஒன்றுக்குரிய தலை மற்றொன்றில் நேரடியாகச் சேராது.

> தொடங்குபவருக்குச் சொல்லைவிட முறை முக்கியம். அதையும் எழுதுங்கள்.

எழுதுகிறேன். 75 கிலோ ஆளுக்கு 120 முதல் 140 லிட்டர் கொள்ளளவும் 75 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் உள்ள பலகை. காற்று மணிக்கு 18 முதல் 28 கிலோமீட்டர், சீராக. ஐந்து அல்லது ஆறு சதுர மீட்டர் பாய். நிலைத்துடுப்பில் ஓட்டும்போது எடுப்பதைவிட ஓர் அளவு சிறிதாகவே எடுக்கலாம். தலைக்கவசமும் மோதல் தாங்கும் மேலங்கியும் கட்டாயம், ஏனென்றால் செட்டையின் விளிம்பு கூர்மையானது. குறைந்தது மார்பளவு ஆழம். நிலைத்துடுப்பில் பழகியவர் பின்காலில் எடையை வைத்தே பழகியிருப்பார். செட்டையில் அதைச் செய்தால் பலகை நீரை விட்டுத் துள்ளி எழும், செட்டையே வெளியே வந்துவிடும், விழுந்துவிடுவார். எழும்பத் தொடங்கியதும் எடையை முன்காலுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் நாள் ஒரு முழம் எழும்பி உடனே இறக்குவதை மட்டும் இருபது முறை செய்யச் சொல்லுங்கள். உயரத்தை அடக்கப் பழகியவருக்குத்தான் பறப்பது கைவரும். விழுவது உறுதியானால் பாயின் பிடிகழியை விடாமல் பிடித்துக்கொள்வது நல்லது. செட்டையின் பக்கம் உடல் போகாமல் அது தடுக்கும்.

வினைச்சொற்களுக்கு: நீரை விட்டுக் கிளம்புவது எழும்பல், பலகை மீண்டும் நீரைத் தொடுவது படிதல், டால்ஃபின் போல ஏறி இறங்கிக்கொண்டே போவது துள்ளோட்டம். ஒன்றே ஒன்று அகப்படாமல் நிற்கிறது. செட்டையின் நுனி நீர்மட்டத்தைக் கிழித்ததும் மேலிருந்து காற்று அதன் முதுகோடு இறங்கி, தூக்குவிசை ஒரு நொடியில் அறுந்துபோகிறதே, அதற்கு நண்பர் ‘காற்றுக் குடித்துவிட்டது’ என்றார். காற்றுக்குடி என்று பெயர்ச்சொல் ஆக்கினால் ஒலி சரியாக இருக்கிறதா, அல்லது காற்றேறல் என்ற என் சொல்லே போதுமா? படகுக் கட்டுமானம் அறிந்த நண்பர்கள் இதற்கு மட்டுமாவது மறுமொழி எழுதுங்கள். மற்ற சொற்களைப் பட்டியலில் சேர்க்கும் வேலையை இன்றே தொடங்குகிறேன்.

அன்புடன்,
பட்டியல் தொகுப்பவன்