மனேஜர் ‘ரிஃபைன்’ பண்ணச் சொன்னால் பயப்பட வேண்டாம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து புதிதாக லண்டன் வந்திருக்கும் தம்பிமார், தங்கச்சிமாருக்கு. களுவாஞ்சிக்குடித் தம்பி ஒருவர் கேட்டதற்கு அவருக்கு மட்டும் பதில் எழுதாமல் எல்லாருக்குமாக எழுதுகிறேன். அவர் கொடுத்த அறிக்கையைப் பார்த்த மனேஜர், ‘குட் ஸ்டார்ட். குட் யூ ரிஃபைன் இட் எ பிட்?’ (நல்ல தொடக்கம், இதைக் கொஞ்சம் ரிஃபைன் பண்ண முடியுமா?) என்று ஈமெயில் போட்டிருக்கிறார். “பிழை என்று சொல்கிறாரா அண்ணா? முழுக்கத் திரும்ப எழுதவா?” என்று தம்பி கேட்கிறார்.

வேண்டாம் மனே. அறிக்கை சரி என்றுதான் அவர் சொல்கிறார். சரக்கு நல்லது, அதோடு வேண்டாதது கொஞ்சம் கலந்து கிடக்கிறது, அதை எடுத்துவிடு என்பதுதான் ரிஃபைன். அடிப்படையே பிடிக்கவில்லை என்றால் ‘ரீதிங்க்’, ‘ரீரைட்’ என்று எழுதுவார்கள். ‘ரிவைஸ்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கும், அதில் சொன்ன விஷயத்தையே மாற்றலாம். (பள்ளிக்கூடப் பிள்ளை ரிவைஸ் பண்ணுகிறேன் என்றால் சோதனைக்குப் படிக்கிறது என்று அர்த்தம், அது வேறு கதை.)

நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். அகராதியில் ‘செம்மைப்படுத்து’, ‘மெருகூட்டு’ என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பக்க அறிக்கையை ஐந்து பக்கமாக்கிப் படமும் நிறமும் சேர்த்து அனுப்புகிறோம். மனேஜர் தலையில் கை வைக்கிறார். அவர் எதிர்பார்த்தது பெரும்பாலும் குறைப்பதைத்தான்: ஒரே விஷயத்தை இரண்டு தரம் சொன்ன இடத்தை வெட்டுவது, நீண்ட வசனத்தை உடைப்பது, கணக்கை ஒருக்கால் சரிபார்ப்பது, முடிவை மேலே கொண்டுவருவது. சேர்க்கச் சொல்ல விரும்பினால் ‘எக்ஸ்பாண்ட்’ என்றே எழுதியிருப்பார்.

அம்பாறைக்காரருக்கு இதை விளக்கச் சீனியே போதும். கல்லோயாப் பக்கம் ஹிங்குரானை ஆலையில் கரும்பிலிருந்து வருவது சிவப்புச் சீனி. அதைக் கழுவி, கரைத்து, வடிகட்டி, நிறத்தை எடுத்து, திரும்பவும் பளிங்காக்கினால் வெள்ளைச் சீனி. அந்த வேலைதான் ரிஃபைனிங், அது நடக்கும் இடம் ரிஃபைனரி. ஈஸ்ட் ஹாமில் இருப்பவர்கள் தூரம் போகத் தேவையில்லை. உங்கள் நியூஹாம் எல்லைக்குள்ளேயே, சிட்டி விமான நிலையத்துக்குக் கிட்ட, சில்வர்டவுனில் தேம்ஸ் கரையோரம் பெரிய சீனி ரிஃபைனரி ஒன்று நிற்கிறது. ஹென்றி டேட் 1878-ல் தொடங்கியது. கப்பலில் வரும் கரும்புச் சீனி அங்கேதான் வெள்ளையாகிறது. இன்னொன்று: இங்கே கடையில் பிரவுன் சுகர் என்று விற்பதை ஊர்ச் சிவப்புச் சீனி என்று நினைத்து வாங்காதீர்கள். வெள்ளையாக்கிய சீனியில் மொலாசஸை (சீனி எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகை) திரும்பக் கலந்து செய்ததும் அந்தப் பெயரில் வரும். பையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

டாக்டரிடம் போனாலும் இந்தச் சொல் வரும். ‘கட் டவுன் ரிஃபைன்ட் கார்ப்ஸ்’ என்றால் தவிடு போன தானியத்தைக் குறைக்கச் சொல்கிறார். பாண், பரோட்டா, வெள்ளைக் கோதுமை மாப் புட்டு, தீட்டிய வெள்ளை அரிசி எல்லாம் அதில் அடங்கும். சோற்றையே விடச் சொல்கிறார் என்று பயப்பட வேண்டாம். தவிடு போகாத சிவப்பரிசி நம் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அளவு அளவுதான், சிவப்பு என்பதற்காக மூன்று கோப்பை போடுவதில்லை!

வீடு தேடும் தளங்களிலும் வேலை தேடும் தளங்களிலும் ‘ரிஃபைன் ரிசல்ட்ஸ்’ என்று ஒரு பட்டன் இருக்கும். வாடகை, அறை எண்ணிக்கை, இடம் என்று ஒவ்வொன்றாகப் போடப் போடப் பட்டியல் சுருங்கும். ஐடி வேலைக்குப் போகிறவர்கள் ‘ரிஃபைன்மென்ட்’ என்று ஒரு மீட்டிங்கையும் காண்பீர்கள். அடுத்துச் செய்யப்போகும் வேலைகளைப் பிரித்து, தெளிவாக்கி, எவ்வளவு பெரியது என்று பேசுகிற கூட்டம் அது. விளங்காததைக் கேட்கத் தோதான இடம், வாய் மூடி இருக்காதீர்கள்.

சிவியில் எழுதும்போது கவனம். ‘ஐ ரிஃபைன்ட் த ஸ்டாக் செக்கிங் ப்ராசஸ்’ என்றால் அந்த முறை முதலே இருந்தது, நீங்கள் அதை நன்றாக்கினீர்கள் என்று பொருள். நீங்களே தொடங்கியதென்றால் ‘செட் அப்’ என்று போடுங்கள். எப்படி ரிஃபைன் பண்ணினீர்கள் என்று இன்டர்வியூவில் நிச்சயம் கேட்பார்கள், ஒரு நல்ல உதாரணத்தோடு போங்கள். உச்சரிப்பில் அழுத்தம் ‘ஃபைன்’ மேல்தான். ‘ரிஃபைன்ட்’ என்று இரண்டே அசை, ‘ரிஃபைனெட்’ இல்லை.

கேட்ட மற்றவற்றுக்குச் சுருக்கமாக: குடிதண்ணீருக்கு ரிஃபைன் வராது, ‘ஃபில்டர்’ அல்லது ‘ப்யூரிஃபை’ தான். மீன்கடையில் ‘க்ளீன்’ என்றால் போதும். தங்கத்துக்கும் எண்ணெய்க்கும் ரிஃபைன் சரி. ஆளைப் பார்த்து ‘ரிஃபைன்ட்’ என்றால் பண்பானவர், நாகரிகம் தெரிந்தவர் என்று பாராட்டு. கொஞ்சம் பழைய காலத்துப் பேச்சு, அடிக்கடி கேட்காது.

அக்கரைப்பற்றுத் தங்கச்சி, மனேஜருக்கு என்ன பதில் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். ‘தேங்க்ஸ், விச் பார்ட் உட் யூ லைக் மீ டு ரிஃபைன்?’ என்று ஒரு வரி போதும். மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதற்கு அங்கே இடமில்லை. எந்தப் பகுதி என்று அவர் சொன்னதும் அதை மட்டும் தொடுங்கள். ‘எ பிட்’ என்று எழுதியிருக்கிறார் அல்லவா, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதில் குந்தியிருக்காதீர்கள்.