பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் குழந்தைகளுடன் குடும்பப் படம் எடுப்பது எப்படி?

ஆற்றங்கரைக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பிழைப்புக்காகப் பல ஊர்களில் இருக்கும் எங்கள் குடும்பத்தார் பங்குனி உத்திரத்தன்று சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள எங்கள் சாஸ்தா கோயிலில் ஒன்றுகூடுவது வழக்கம். இவ்வாண்டு ஆச்சியை நடுவில் அமர்த்தி, கொள்ளுப்பேரன் பேத்திகள் உட்பட எல்லோரும் இருக்கும் ஒரு நல்ல படம் எடுக்க வேண்டுமென்பது என் பெரிய ஆசை. ஐந்து, மூன்று, ஒன்றரை வயதில் மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள். சிறியவனுக்கு அன்றே மொட்டையும் காதுகுத்தும் நடக்கவிருக்கின்றன. பொங்கல் வைத்துப் படைத்துச் சாப்பிட்ட பிறகே படம் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்நேரத்தில் பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. என்னிடம் 50 மி.மீ. லென்சுடன் ஒரு கேமரா இருக்கிறது. எந்த நேரத்தில், எப்படி அமர வைத்து எடுக்கலாம்?

பாளை ஒளிப்படக்காரர்

நேரத்தை மாற்றினாலே உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாள்களில் நம் பகுதியில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வந்துவிடுவதால், பெரியவர்களின் கண்குழிகளில் கருநிழல் விழும். குழந்தைகளோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழத் தொடங்குவார்கள். காலை ஏழிலிருந்து எட்டே காலுக்குள் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிந்திவிட்டால் ஆலமரமோ புளியமரமோ தரும் அடர்ந்த நிழலுக்குள், வயல் பக்கத்து வெளிச்சம் முகத்தில் படும்படி அமர்த்துங்கள். பனைமர நிழல் மட்டும் வேண்டாம். ஓலைகளின் இடைவெளியில் விழும் வெயில் முகமெங்கும் திட்டுத்திட்டாகத் தெரியும்.

ஆச்சிக்கும் மூத்தவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். அவர்களுக்கு முன்னால் பாய் விரித்து இளையவர்களை உட்கார வைத்து, குழந்தைகளை அவரவர் தாய் தந்தையர் மடியில் இருத்துங்கள். முன்வரிசையில் தனியாக நிறுத்தினால் ஓடிவிடுவார்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமலும், எல்லா வரிசையும் தெளிவாக விழும்படி லென்சின் துளை (அபர்ச்சர்) எஃப் 5.6 முதல் 8 வரையிலும் இருக்கட்டும். நிழலில் வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறன் அளவைத் தயங்காமல் 800 வரை கூட்டலாம். கைப்பேசியில் எடுப்பதானால் அகலக் கோணத்துக்கு மாற்றாமல் பின்னால் தள்ளி நின்று எடுங்கள், ஏனெனில் அகலக் கோணத்தில் ஓரத்தில் இருப்பவர்களின் முகம் இழுபட்டுவிடும்.

இரு பிள்ளைகளின் அம்மா

ஐயா சொன்ன காலை நேரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பயணம் செய்து வந்த பிள்ளைகள் பத்து மணிக்கெல்லாம் பசியிலும் தூக்கத்திலும் சிணுங்குவார்கள். எனவே இட்லியோ பாலோ கொடுத்து, வயிறு நிறைந்த கையோடு உட்கார வையுங்கள். பட்டுப்பாவாடை உறுத்தும், படத்துக்குச் சற்று முன்பு உடுத்தினால் போதும். பெரியவர்கள் எல்லோரும் முதலில் தங்கள் இடத்தில் அமர்ந்துவிட வேண்டும், குழந்தைகள் கடைசியாக வர வேண்டும். பலர் ஒரே நேரத்தில் "இங்கே பார், சிரி" என்று கூப்பிட்டால் பிள்ளை மிரண்டுவிடும். குழந்தை நன்கு பழகிய அத்தையோ மாமாவோ ஒருவர் மட்டும் படமெடுப்பவரின் தோளுக்குப் பின்னால் நின்று மெல்லப் பேசினால் போதும். சிரிக்காத முகமும் அந்த வயதுக்குரிய முகந்தான் என்பதால், அதற்காக வற்புறுத்த வேண்டாம் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

அம்பை வாசகர்

கருவறையைப் படமெடுப்பது முறையன்று. குடும்பப் படத்தையும் சன்னதிக்கு வெளியே மரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சியை நெடுநேரம் காக்க வைக்காதீர்கள். எடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே விட்டுவிடாமல், பெரிய அளவில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுங்கள். சிறு திரையில் பேரப்பிள்ளைகளின் முகத்தைக் கண்டுபிடிப்பது எங்களைப் போன்ற வயதானவர்களுக்குக் கடினம்.

ஆற்றங்கரைக்காரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காலையிலேயே எடுப்பதென்று மதினியிடமும் பேசிவிட்டேன். மொட்டைக்கு முன்பு எடுப்பதா, பின்பு எடுப்பதா என்பதில் மட்டும் வீட்டில் இரு கருத்து நிலவுகிறது.

இரு பிள்ளைகளின் அம்மா

குடும்பப் படத்தை மொட்டைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். கத்தியைக் கண்டு அழுத பிள்ளை காதுகுத்து முடியும் வரை எளிதில் தேறாது. குளிப்பாட்டிச் சந்தனம் பூசியபின், தாய்மாமன் மடியில் அவனை மட்டும் தனியாக எடுங்கள். அப்போது கேமராவைப் பிள்ளையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.