இரண்டு கிலோ சுண்ணாம்புப் பொடிக்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

கடற்காகம்:
வானில் துகள் தூவி, வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டு பூமியைக் குளிர்விக்க முடியுமா என்று ஆராயத்தான் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்கோபெக்ஸ் திட்டம். அதில் பலூனை 20 கி.மீ. உயரத்துக்கு அனுப்பி, அதிகபட்சம் 2 கிலோ கால்சியம் கார்பனேட் பொடியைத் தூவி, அது வெயிலை எப்படிச் சிதறடிக்கிறது என்று அளக்க இருந்தார்கள். 2021-இல் ஸ்வீடனின் கிருனாவில் நடக்க வேண்டிய முதல் பறப்பே நின்றுபோனது. 2024 மார்ச்சில் திட்டத்தையே மூடிவிட்டார்கள். 2 கிலோ பொடியால் யாருக்கு என்ன கெடுதல்? பூமி சூடாகிக்கொண்டே இருக்கும்போது ஆராய்ச்சியைத் தடுப்பது சரியா?

பருவக்காற்று:
கிருனா பறப்பில் அந்தப் பொடிகூடக் கிடையாது. பலூனுக்கு அடியில் தொங்கும் கருவிப்பெட்டி ஒழுங்காக நகர்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான். அந்த நிலத்தின் பழங்குடிகளான சாமி மக்களின் மன்றம், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றது. நியாயமான கேள்வி. பொடியால் ஆபத்து இல்லை என்பதும் உண்மை, கேட்காமல் வந்தது தவறு என்பதும் உண்மை.

பொடி தூவும் கட்டத்தில் கிடைத்திருக்கும் பலன் இது: பெட்டியின் விசிறிகள் காற்றைக் கலக்கி, சுமார் 1 கி.மீ. நீளம், 100 மீட்டர் விட்டத்தில் ஒரு துகள்பட்டையை உண்டாக்கும். பெட்டி திரும்பி அதற்குள்ளேயே போய், துகள்கள் எவ்வளவு வேகமாக ஒன்றோடொன்று ஒட்டிப் பருக்கின்றன என்று அளக்கும். இதற்கு வழக்கமாகப் பேசப்படும் கந்தகத் துகளின் மேற்பரப்பில் குளோரின் உயிர்பெற்று ஓசோனை அரிக்கும் என்பதால்தான் சுண்ணாம்பை யோசித்தார்கள். அது அந்த உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது ஆய்வுக்கூடக் குடுவையில் முழுதாகத் தெரியாது. ஆனால் பருவமழை என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சோதனையில் பதிலே இல்லை.

சாம்பல்மலை:
மழைக்கு பிலிப்பைன்ஸின் பினாட்டுபோவைப் பாருங்கள். 1991 ஜூனில் அந்த எரிமலை 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேலே தள்ளியது. அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பம் அரை டிகிரி போலக் குறைந்தது. கூடவே நிலப்பரப்பில் மழையும் ஆற்று நீரும் குறைந்தன. வட அரைக்கோளத்தில் மட்டும் தூவினால் ஆப்பிரிக்காவின் சாஹேலில் வறட்சி வரும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன.

இரு மடங்கு கந்தகம் போட்டால் இரு மடங்கு குளிர்ச்சி கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கந்தகத்திலிருந்து உருவாகும் புதிய அமிலம் ஏற்கெனவே மிதக்கும் துகள்மீதே படிந்து அதைப் பெரிதாக்கும். பெருத்த துகள் அதே எடைக்கு ஒளியைக் குறைவாகச் சிதறடிக்கும், சீக்கிரம் கீழே இறங்கும். எப்படியும் ஓரிரு ஆண்டில் எல்லாம் இறங்கிவிடும் என்பதால் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். கரியமில வாயுவைக் குறைக்காமல் பல ஆண்டு தூவி, போரோ பணமுடையோ வந்து திடீரென நிறுத்தினால், மறைந்திருந்த சூடு மொத்தமும் சில ஆண்டுகளில் வந்து இறங்கும். எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். கரியமில வாயுவால் கடல் அமிலமாவதையும் தூவுவது தடுக்காது.

கடற்காகம்:
அப்படியானால் வெளிச் சோதனையே வேண்டாம், கணினி மாதிரி போதும் என்கிறீர்களா?

பருவக்காற்று:
போதாது. துகள் பருக்கும் வேகத்தில்தான் மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆனால் எப்படிச் செய்கிறோம் என்பது முக்கியம். 2022-இல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் ஒரு அமெரிக்க நிறுவனம் அனுமதியும் அளவீடும் இல்லாமல் கந்தக பலூன்களைப் பறக்கவிட்டது. அதனால் அறிவியலுக்கு ஒரு எண்கூடக் கிடைக்கவில்லை. 2023 ஜனவரியில் மெக்சிகோ இத்தகைய சோதனைகளைத் தடை செய்யப்போவதாக அறிவித்ததுதான் மிச்சம். 2024-இல் கலிபோர்னியாவின் அலமீடாவில், மேகங்களை வெளுப்பாக்கி வெயிலைத் திருப்பும் ஆய்வுக்காகக் கடலுப்புத் துகள் தெளித்தபோதும் நகரத்துக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அளவிடத்தக்க தீங்கு இல்லை என்று நகரமே அமர்த்திய நிபுணர்கள் சொன்ன பிறகும் நகர மன்றம் நிறுத்தத்தான் வாக்களித்தது.

தூவாமலே செய்யக்கூடிய பெரிய வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த பெரிய எரிமலை வெடிக்கும்போது துகள் எண்ணும் கருவிகளோடு பலூன்கள் தயாராக இருக்க வேண்டும். கந்தக டை ஆக்சைடு அமிலத் துளியாக மாறுவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். அந்த வாரங்களைத் தவறவிட்டால், அடுத்த எரிமலை எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.