சேற்றுத் திட்டில் நட்ட சுரபுன்னை சாகிறது: மறுபடி நடலாமா?

சேறும்நீரும்:
கழிமுகத்தில் ஒரு திறந்த சேற்றுத் திட்டு. ஒரு மீட்டர் இடைவெளியில், அலையாத்தி மர வகையான சுரபுன்னையின் 2,000 விதைக்குச்சிகளை ஊன்றி ஐந்து மாதம் ஆகிறது. பாதிக்கு மேல் போய்விட்டன. மிச்சத்தில் தண்டு முழுக்கக் கொட்டலசு (ஒட்டி வாழும் ஓடுள்ள சிறு கடலுயிரி). வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்கும்போதும், சில வரிசைகள் தண்ணீரில்தான் நிற்கின்றன. கொட்டலசைச் சுரண்டிவிட்டு, செத்த இடங்களில் புதிதாக நடலாமா? பக்கத்தில் மேட்டில் உப்புப் பூத்த வெற்று நிலமும் உண்டு. அங்கே உமரி என்னும் உப்புநிலச் செடி மட்டும்தான் முளைக்கிறது.

ஓதக்கோல்:
சுரண்டாதீர்கள், பட்டை பிய்ந்து அந்தச் செடியும் போகும். கொட்டலசு நோயல்ல, அறிகுறி. தண்டு அதிக நேரம் மூழ்கிக் கிடந்தால்தான் இவ்வளவு அப்பும். உங்கள் இடம் தாழ்வு. சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, பெரிய ஓதம் (கடல்நீர் ஏற்றம்) எட்டும் உயரம் வரை உள்ள நிலப்பட்டைதான் அலையாத்திக்கு உரியது. மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூழ்கும் இடத்தில் கன்று நிலைப்பது அரிது.

சரிபார்க்கக் கருவி வேண்டாம். அதே கழியில் தானாக முளைத்த இளஞ்சுரபுன்னை நிற்கும் இடத்தில் ஒருவர், உங்கள் திட்டில் ஒருவர். நீர் முழுதாக ஏறி நிற்கும் நேரத்தில் இருவரும் ஆழத்தை அளக்க வேண்டும். அங்கே 20 செ.மீ., இங்கே 65 என்றால் உங்கள் திட்டு 45 செ.மீ. தாழ்வு. முதிர்ந்த மரத்தடியில் அளக்காதீர்கள். வேர்கள் சேறு பிடித்து அங்கே தரை உயர்ந்திருக்கும்.

சேறும்நீரும்:
அப்படியானால் மண் கொட்டி உயர்த்தலாமா?

ஓதக்கோல்:
வேண்டாம். தளர்ந்த சேறு அமுங்கும், மிச்சத்தை அலை கரைக்கும். அந்தத் திட்டில் முன்பு மரம் இருந்ததற்கு அடையாளமே இல்லையென்றால் அது காடு அழிந்த இடமல்ல. புழுவும் சிப்பியும் வாழும், கரைப்பறவை இரை தேடும் இடம். விட்டுவிடுங்கள்.

உமரிக்காடு:
மேட்டு நிலத்தில்தான் வேலை இருக்கிறது. அங்கே பட்ட மரங்களின் அடிக்கட்டை தென்படுகிறதா பாருங்கள். தென்பட்டால், பெரும்பாலும் நீர் வந்துபோகும் வழி அடைபட்டதுதான் காரணம். பெரிய ஓதத்தில் ஏறும் நீர் பள்ளத்தில் தங்கி, வெயிலில் வற்றி, உப்பை விட்டுப்போகிறது.

கழியிலிருந்து ஒரு முதன்மை வாய்க்கால், அதிலிருந்து 45 பாகையில் இருபுறமும் கிளைகள், மீன்முள் போல. மேலே அகன்று கீழே குறுகிய வெட்டு; செங்குத்தாக வெட்டினால் கரை சரியும். அடிமட்டம் கழியை நோக்கிச் சரிய வேண்டும். தண்ணீர் உள்ளே வருவதை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். வற்றத்தில் முழுதாக வடிகிறதா என்பதே சோதனை. வெட்டிய மண்ணைக் கரையில் தொடர் வரப்பாகப் போட்டால் மறுபடி அணைதான், இடையிடையே திறப்பு விடுங்கள். உடனே நடாமல், ஒரு மழைக்காலம் உப்பு கழுவிப் போகட்டும்.

விதைப்பொறுக்கி:
நடவு பற்றி. உப்பு மிகுந்த மேட்டுக்கு வெண்கண்டல் என்னும் அலையாத்தி வகைதான், சுரபுன்னை அங்கே தாங்காது. மரத்தை லேசாக உலுக்கினால் உதிரும் மஞ்சளான காய்களை எடுங்கள். ஒரு நாள் நீரில் ஊறினால் மேல்தோல் கழன்றுவிடும். நேரே வீசினால் ஓதம் அள்ளிப்போகும், பையில் வளர்த்து நடுவது நல்லது. நடுமிடம் வாய்க்காலின் சரிவில், பாதி உயரத்தில். அடியில் வைத்தால் மூழ்கும், உச்சியில் வைத்தால் காயும்.

பக்கத்தில் காய்க்கும் மரங்கள் இருந்தால் முதல் வருடம் எதுவுமே நடாமல் பாருங்கள். வாய்க்கால் சரியாக இருந்தால் விதை தானே மிதந்து வந்து பிடிக்கும். வராத இடத்தில் மட்டும் நடுங்கள்.

உமரிக்காடு:
ஒன்று விட்டுப்போனது: முதலில் தூர்வது முதன்மை வாய்க்காலின் வாய்தான். தூர்வாரும் கூலியை முதல் நாளே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.