ரைனரின் 1954 சிகாகோ பதிவு: எழுபது வருஷத்துக்கு முந்தையது இப்படியா ஒலிக்கும்?

மந்தரம்:
ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'ஸரதுஸ்ட்ரா' என்ற ஆர்கெஸ்ட்ரா இசை, ஃப்ரிட்ஸ் ரைனர் நடத்தி சிகாகோ சிம்பொனி குழு வாசித்தது, ஒரு ஆப்பில் கிடைத்தது. 1954 என்று போட்டிருக்கிறது. இடம், வலம் என்று பிரிந்து ஒலிக்கும் ஸ்டீரியோ இசைத்தட்டு (எல்.பி.) கடைக்கு வந்ததே 1958-இல்தானே, அப்புறம் எப்படி இதில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி இடத்திலிருந்து கேட்கிறது? பின்னால் போலியாகச் சேர்த்ததா? இன்னொன்று, டிரம்பெட் வரும்வரை என் ப்ளூடூத் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ஃபைல் கெட்டுப்போயிருக்குமோ?

நாடாச்சுருள்:
போலி இல்லை சார், அசல் ஸ்டீரியோதான். விற்பனைக்கு அப்போது ஒற்றைத் தட மோனோ போதும், ஆனாலும் இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏவின் ஆட்கள் பரிசோதனையாக இரண்டு தட நாடாவிலும் சேர்த்துப் பிடித்து வைத்தார்கள், அந்த நாடாதான் இன்றைக்குச் சோறு போடுகிறது. மைக்குகளும் சொற்பம். பின்னாளில் வாத்தியத்துக்கு ஒன்று வைத்து மேஜையில் உட்கார்ந்து கலக்கினார்களே, அந்த வேலையெல்லாம் இதில் கிடையாது. எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை ரைனர் மேடையிலேயே முடித்துவிடுவார், அதுவும் குச்சியை அசைத்தாரா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சின்ன அசைவில். மற்றது பதிவு நடந்த ஆர்கெஸ்ட்ரா ஹால் என்ற சிகாகோ அரங்கத்தின் புண்ணியம்.

கீழ்ஸ்தாயி:
ஃபைல் நன்றாகத்தான் இருக்கும், ஸ்பீக்கர்தான் கைவிடுகிறது. தொடக்கத்தில் ஆர்கன், கான்ட்ராபசூன், டபுள் பேஸ், பாஸ் டிரம் என்று கீழ்ஸ்தாயி வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து அடியாழ 'சி' ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு உறுமும், அது 32 ஹெர்ட்ஸ் பக்கம். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் அதை எங்கே வாசிக்கும்? வயர் வைத்த நல்ல ஹெட்போனில் கேளுங்கள், ஆப்பில் 'வால்யூம் சமன்' மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

ஓரத்து நாற்காலி:
எல்லோரும் இப்படிக் கொண்டாடுவதால் சொல்கிறேன், ஸரதுஸ்ட்ராவில் உச்ச இடங்களில் நாடா கொஞ்சம் திணறத்தான் செய்கிறது, மெதுவான பகுதிகளில் 'ஸ்ஸ்' இரைச்சலும் உண்டு. எனக்கு அதைவிட 1955-இல் ரைனர் இதே குழுவோடு செய்த, இசையமைப்பாளர் பார்டோக்கின் 'கான்செர்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா'தான் மேல். ரைனரே புடாபெஸ்டில் பார்டோக்கிடம் பியானோ படித்தவர். இரண்டாவது பகுதியை மட்டுமாவது கேளுங்கள்: சைட் டிரம் தட்டி முடித்ததும் இரண்டு பசூன், பிறகு இரண்டு ஓபோ, இரண்டு கிளாரினெட், இரண்டு புல்லாங்குழல், கடைசியில் வாயடைத்த இரண்டு டிரம்பெட் என்று ஜோடி ஜோடியாக வரும், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே உள்ள ஸ்வர இடைவெளி வேறு வேறு. டிரம்பெட்டுகள் ஒட்டி உரசிக்கொண்டே போவது காதில் மணல் பட்டதுபோல் இருக்கும்.

மந்தரம்:
ஹெட்போனில் உறுமல் கேட்டது, நன்றி! பின்னாளில் இதே குழுவை நடத்திய ஷோல்டி காலத்துப் பதிவுகளும் அதே ஹாலா?

நாடாச்சுருள்:
பெரும்பாலும் இல்லை. 1966-இல் ஹாலைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று அதன் எதிரொலியைக் குறைத்துவிட்டார்கள், அதனால் 1969-இல் ஷோல்டி பொறுப்பேற்ற பிறகு டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் பல பதிவுகளை சிகாகோவிலேயே மெடினா டெம்பிள் என்ற வேறொரு கட்டடத்தில் செய்தது. மாலரின் ஐந்தாவது சிம்பொனி அங்கே 1970-இல் பதிவானது. ஒலி பளபளப்பு, பித்தளை வாத்தியங்கள் முகத்துக்கு நேரே நிற்கும், எனக்குக் கொஞ்சம் ஓவர். ஆனால் தொடக்கத்தில் தனியாக ஊதும் டிரம்பெட்டைத் தவறவிடாதீர்கள். அடால்ஃப் ஹெர்செத், 1948-லிருந்து 2001 வரை அந்தக் குழுவின் முதல் டிரம்பெட்காரர், ஸரதுஸ்ட்ராவில் கேட்டீர்களே, அதே ஆள்.